“அப்பா குரலே மறந்துபோச்சு பாப்பா!” - ஒரு கல்யாண கேசட்டும் சிதம்பரத்து டெக் மெக்கானிக்கும்

உங்கள் வீட்டுப் பரணிலோ, பீரோவின் அடித்தட்டிலோ ஒரு கறுப்பு வீடியோ கேசட் கிடக்கிறதா? 1985-க்கும் 2000-க்கும் இடையில் உங்கள் வீட்டில் ஒரு கல்யாணமோ காதுகுத்தோ நடந்திருந்தால், அநேகமாகக் கிடக்கும். முதுகில் ஸ்கெட்ச் பேனாவால் மணமக்கள் பெயர், தேதி, ‘பார்ட் 1’ என்று எழுதியிருக்கும். ‘அதான் பத்திரமா இருக்கே’ என்று நாமும் விட்டிருப்போம்.

கேசட் பத்திரமாகத்தான் இருக்கும். அதைப் போட்டுப் பார்க்கத்தான் டெக் இருக்காது. வி.சி.ஆர், வி.சி.பி என்று விளம்பரத்தில் எப்படிச் சொன்னாலும், நம் ஊரில் அதற்கு ‘டெக்’ என்றுதான் பேர். உலகத்திலேயே கடைசியாக டெக் தயாரித்துக்கொண்டிருந்தது ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம். உதிரி பாகங்கள் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது என்று சொல்லி, 2016 ஜூலையில் அவர்களும் நிறுத்திக்கொண்டார்கள். ஒரு காலத்தில் வருடத்துக்கு ஒன்றரைக் கோடி டெக் விற்றவர்கள். 2024-ல் அந்த நிறுவனமே திவாலாகிவிட்டது.

2019-ல் யுனெஸ்கோவும் ஒலி, ஒளிக் காப்பகங்களின் சர்வதேச சங்கமும் சேர்ந்து ஓர் எச்சரிக்கை விட்டன. நாடாவில் பதிந்து வைத்திருப்பதையெல்லாம் சீக்கிரம் டிஜிட்டலுக்கு மாற்றிவிடுங்கள், 2025 வாக்கில் பல இடங்களில் அதை ஓட்டிப் பார்க்கவே வழி இருக்காது என்றார்கள். நாடா கெட்டுப்போகுமே என்பதைவிட, ஓட்டுகிற மெஷினும் அதை ரிப்பேர் செய்யத் தெரிந்த ஆளும் இல்லாமல் போய்விடுவார்களே என்பதுதான் அவர்களுடைய பெரிய கவலை.

இதையெல்லாம் நான் ஆபீஸ் வேலைக்காகத் தேடிப் படிக்கவில்லை. என் அத்தைக்காகப் படித்தேன்.

அத்தை, அப்பாவுக்கு மூத்தவர். கடலூர் முதுநகரில் இருக்கிறார். மாப்பிள்ளை வீடு சிதம்பரம் என்பதால், 1993 ஆவணியில் கல்யாணம் அங்கே நடந்தது. அந்தக் கல்யாணத்தைத்தான் ஸ்டூடியோக்காரர் இரண்டு கேசட்டாகக் கொடுத்தார். பார்ட் 1-ல் முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பும் ராத்திரிப் பந்தியும். பார்ட் 2-ல் முகூர்த்தம். தாத்தா தாரை வார்த்துக்கொடுத்தது, அத்தையைக் கார் ஏற்றிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டது எல்லாம் பார்ட் 2-ல்.

தாத்தா 1997-ல் இறந்தார். நான் அவரைப் பார்த்ததில்லை. எங்கள் குடும்பத்தில் தாத்தாவின் போட்டோ ஏழெட்டு இருக்கின்றன. எல்லாவற்றிலும் ஒரே முகம், கேமராவை முறைக்கிற முகம். அவர் அசைந்தது, பேசியது எல்லாம் இந்த இரண்டு கேசட்டில் மட்டும்தான்.

அதிலும் பார்ட் 2 போய்விட்டது. போக்கியவர் மாமா. 1996 மார்ச் 9, உலகக் கோப்பை காலிறுதி, பெங்களூரில் இந்தியா-பாகிஸ்தான். கையில் புது கேசட் இல்லை. கேசட்டின் முதுகில் ஓரமாக ஒரு சின்ன பிளாஸ்டிக் காது இருக்கும். அதை உடைத்துவிட்டால் அதன்மேல் எதையும் பதிய முடியாது. ஸ்டூடியோக்காரர் உடைக்கவில்லை. தன் கல்யாணத்தின் மேலேயே வெங்கடேஷ் பிரசாத்தைப் பதிவு செய்துவிட்டார் மாமா.

இந்தக் கதை எங்கள் வீட்டில் பல வருடங்களாக ஓடுகிறது. தீபாவளிக்குத் தீபாவளி அத்தை அதை எடுப்பார். மாமா எழுந்து கொல்லைப்புறம் போய்விடுவார். எனக்கென்னவோ மாமாவை முழுக்கக் குற்றம் சொல்லத் தோன்றவில்லை. அன்றைக்குத் தாத்தா உயிரோடு திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்திருக்கிற மனிதரை யார் பத்திரப்படுத்துவார்கள்?

போன வருடம் பொங்கலுக்குப் போனபோது, என் போனில் அப்பா அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த அத்தை கேட்டார். “இதெல்லாம் அழிக்காம வெச்சிருப்பியா பாப்பா?”

“இருக்கும் அத்தை. ஏன்?”

“எங்கப்பா எப்படி நடப்பார்னு ஞாபகம் இருக்கு. எப்படி இருமுவார்னுகூட ஞாபகம் இருக்கு. குரல் மட்டும் மறந்துபோச்சு. நினைச்சுப் பார்த்தா, அவர் பேசறது என் குரல்லயே கேக்குது.”

பார்ட் 1-ஐ அன்றைக்கே எடுத்துப் பார்த்தோம். பட்டுப்புடவைகளுக்கு அடியில், பீரோவின் கடைசித் தட்டில் படுக்க வைத்திருந்தார். 2011-ல் தானே புயல் வந்து கடலூரில் வாரக்கணக்கில் கரன்ட் இல்லாமல் கிடந்தபோதும் அது அங்கேதான் இருந்தது. 2015 மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. பீரோவின் கால் நனைந்து, அடித்தட்டிலும் கொஞ்சம் ஏறியது. வடிந்ததும் அத்தை புடவைகளோடு கேசட்டையும் துடைத்துக் காயவைத்து அதே இடத்தில் வைத்துவிட்டார். இப்போது கண்ணாடி ஜன்னல் வழியே பார்த்தால், சுற்றியிருக்கும் நாடாவின் மேல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள்.

கடலூரில் மூன்று ஸ்டூடியோக்களில் ஏறி இறங்கினேன். “கேசட்டா? அந்த மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டு ரொம்ப வருஷம் ஆச்சும்மா” என்றார் ஒருவர். சென்னையில் ஒரு கடையில், பூஞ்சை பிடித்ததைத் தொடவே மாட்டோம் என்று போனிலேயே சொல்லிவிட்டார்கள். கடைசியில், ஒரு காலத்தில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த ஒருவர், “சிதம்பரத்துல ஒருத்தர் இருக்கார். இன்னும் செய்றாரான்னு தெரியல. போய்ப் பாருங்க” என்று வழி சொன்னார்.

ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் தாண்டி, வெள்ளாற்றுப் பாலத்தில் பஸ் ஏறும்வரை கேசட்டை மடியில்தான் வைத்திருந்தேன். குலுங்கினால் என்ன ஆகிவிடும் என்று தெரியாது. ஆனாலும் பையில் வைக்க மனசு வரவில்லை.

கோயிலின் ரத வீதிகளில் ஒன்றிலிருந்து பிரியும் சந்து. வெளியே போர்டு எதுவும் இல்லை. உள்ளே தரையிலிருந்து உத்தரம் வரைக்கும் டெக்குகள். அகாய், ஷார்ப், நேஷனல், ஃபுனாய், வீடியோகான். ஒரு மூலையில் தோளில் வைத்து எடுக்கும் பானசோனிக் கேமராக்கள். கல்யாண வீட்டில் ‘எம் 3000’, ‘எம் 9000’ என்று நம்பர் சொல்லி வாடகைக்கு எடுப்பார்களே, அவை. அவர் அறுபதைத் தாண்டியவர். 1984-ல் டி.வி. ரிப்பேர் கடையில் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் கற்றவர். “பேரு, போட்டோ எதுவும் போடாதீங்கம்மா. போட்டா ஊர்ல இருக்கிற கேசட் எல்லாம் இங்க வந்துடும். டெக்கு தாங்காது” என்றார். விளையாட்டாகச் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

விளையாட்டில்லை. அந்த அடுக்கில் ஓடுவது இரண்டே இரண்டு. மற்றதெல்லாம் அந்த இரண்டை ஓட வைப்பதற்காக. ஒன்றிலிருந்து ரோலர், ஒன்றிலிருந்து பல் சக்கரம், ஒன்றிலிருந்து மோட்டார். ரப்பர் பெல்ட் இறுகிப்போனால் அளவு பார்த்து வேறு பெல்ட் போடலாம். போர்டில் கண்டன்சர் வீங்கினால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கி சால்டர் செய்யலாம். படத்தை எடுக்கும் ஹெட் தேய்ந்தால்தான் வழியில்லை. அதைப் புதிதாக யாரும் செய்வதில்லை. ஒவ்வொரு கேசட் ஓடும்போதும் அது ஒரு துளி தேய்கிறது. பூஞ்சை பிடித்த கேசட் என்றால் நிறையவே தேயும். அழுக்கும் ஏறும், அடுத்து போடுகிற நல்ல கேசட்டுக்கும் பரவும்.

டெக் என்றால் என்னவென்றே தெரியாத என் வயதுக்காரர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டிக் கலர் டி.வி. வந்த பிறகு, ஊருக்குள் டெக்கும் வந்தது. வளைகுடா நாடுகளிலோ சிங்கப்பூரிலோ ஆள் இருக்கிற வீட்டில் சொந்த டெக். இல்லாத தெருவில் வாடகை டெக். டி.வி.யையும் டெக்கையும் சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றிவந்து, ராத்திரி முழுக்க மூன்று படம் ஓட்டி, விடியற்காலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். நடுவில் டெக் சூடாகிவிடும் என்று டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைப்பார்களாம். பார்க்கிறவர்களுக்குக் காற்று கிடையாது.

“அப்ப நாளைக்குப் பத்து டெக் வரும். ஹெட்டைத் துடைக்கிறதுக்கே ஒரு பையன் வெச்சிருந்தேன்” என்றார்.

இப்போது யார் வருகிறார்கள் என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலில் சிதம்பரம் இருந்தது. 1981-லிருந்து இங்கே சிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி நடக்கிறது. அன்று ஆடிய பெண்களுக்கு இன்று ஐம்பது, அறுபது வயது. ஆடிய கேசட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர் எடுத்த கேசட் என்றால் இன்னொரு சிக்கல். அந்த ஊர் முறை என்.டி.எஸ்.சி, நம்முடையது பால். நம் ஊர் டெக்கில் போட்டால் படம் கிறுக்கலாக ஓடும். இரண்டையும் படிக்கிற மல்ட்டி சிஸ்டம் டெக் ஒன்றை, அதற்காகவே துணி போர்த்தி வைத்திருக்கிறார்.

இன்னொரு கேசட்டைப் பற்றியும் சொன்னார். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு, கடற்கரை ஓரத்துக் கிராமத்திலிருந்து ஒருவர் கொண்டுவந்தது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டவர்களைச் சுனாமி கொண்டுபோனது. அந்த வீட்டில் போட்டோ ஒன்றுகூட மிஞ்சவில்லை. மண்ணுக்குள்ளிருந்து கேசட் மட்டும் கிடைத்திருக்கிறது. “உப்புத் தண்ணி காய்ஞ்சா நாடாவைத் தின்னுடும். பேட்டரிக்கு ஊத்தற டிஸ்டில்டு வாட்டர் நாலு கேன் வாங்கிட்டு வந்து, நாடாவை வெளிய எடுத்துக் கழுவினேன். மூணு மணி நேர கேசட்ல பதினோரு நிமிஷம் தேறுச்சு.” அந்தப் பதினோரு நிமிடத்தில் என்ன இருந்தது என்று நான் கேட்டேன். “புள்ளைக்கு மொட்ட அடிக்கிறாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்க்ரூ டிரைவரைத் தேட ஆரம்பித்தார்.

எங்கள் கேசட்டைக் கையில் வாங்கியவர், முதலில் கேட்ட கேள்வி எனக்குப் புரியவில்லை. “தண்ணி ஏறினப்போ எப்படி வெச்சிருந்தீங்க? நிக்க வெச்சா, படுக்க வெச்சா? படுக்க வெச்சிருந்தா ஜன்னல் மேலயா கீழயா?”

அத்தைக்கு போன் போட்டுக் கேட்டேன். “படுக்க வெச்சு. பேரு எழுதினது தெரியணும்னு ஜன்னல் மேல பார்க்க வெச்சிருந்தேன்.”

“தப்பிச்சீங்க” என்றார்.

ஏன் என்று ஒரு பழைய நாடாத் துண்டை விரலில் நீட்டிக் காட்டி விளக்கினார். நாடா அரை அங்குல அகலம். டெக்குக்குள் ஒரு டிரம், நொடிக்கு 25 சுற்று சுற்றுகிறது. அதில் பதித்த ஹெட், நாடாவின் குறுக்கே சாய்வாகக் கோடு கோடாகப் படத்தை எழுதுகிறது. ஒரு கோட்டின் அகலம் மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. படம் இப்படி நடுவில் இருக்க, சத்தம் மேல் ஓரத்தில் தனியாக, நேர்க்கோடாக ஓடுகிறது. கீழ் ஓரத்தில் ஓடுவது கன்ட்ரோல் ட்ராக். ‘படம் இங்கே ஆரம்பிக்கிறது, இந்த வேகத்தில் ஓடு’ என்று டெக்குக்குச் சொல்லும் துடிப்பு அது.

ஜன்னல் மேலே பார்க்கப் படுத்திருந்த கேசட்டில் தண்ணீர் கீழ் ஓரத்தை நனைத்திருக்கும். மேல் ஓரத்தைத் தொட்டிருக்காது. “படம் ஆட்டம் போடும். குரல் இருக்கலாம். ஆனா ஒண்ணு பாப்பா, ஸ்டூடியோக்காரன் பாட்டுப் போட்டிருந்தான்னா எதுவும் இருக்காது.”

அதுதான் என் வயிற்றைக் கலக்கியது. அந்தக் காலத்துக் கல்யாண வீடியோக்களைப் பார்த்திருக்கிறீர்கள்தானே? மண்டபத்தில் யார் என்ன பேசினாலும் காதில் விழாது. மிக்ஸிங் என்ற பெயரில் ஆரம்பம் முதல் முடிவு வரை சினிமாப் பாட்டு. இதயத்துக்குள் மணமக்கள், மேலிருந்து கொட்டும் ரோஜா இதழ்கள். எவ்வளவு பாட்டிகள் என்னென்ன சொல்லியிருப்பார்கள்! எல்லாவற்றின் மேலும் பாட்டு.

கேசட்டை உடனே ஓட்டவில்லை. ஐந்து ஸ்க்ரூவைக் கழற்றி ஓட்டைத் திறந்தார். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டார்; எனக்கும் ஒன்று கொடுத்தார். பூஞ்சைத் தூள் நெஞ்சுக்குள் போனால் ஆகாது. இரண்டு சுருளையும் வெளியே எடுத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பாக்கெட்டுகளோடு ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடினார். “பத்து நாள் கழிச்சு வாங்க.”

“வெயில்ல வெச்சா சீக்கிரம் காயாதா சார்?”

“அப்பளமா இது?”

பத்து நாள் கழித்துப் போனேன். அத்தையும் வந்தார். காய்ந்த சுருளை வேறொரு நல்ல ஓட்டுக்குள் மாற்றியிருந்தார். ஹெட் இல்லாத ஒரு செத்த டெக்கில் அதைப் போட்டு, மெதுவாகச் சுற்ற விட்டு, மெல்லிய துணி நாடாவின் இரண்டு பக்கமும் உரசும்படி பிடித்துக்கொண்டார். துணியில் சாம்பல் நிறக் கோடு விழ விழ, துணியை நகர்த்தினார். ஒரு முறை முழுக்க ஓட முக்கால் மணி நேரம். இப்படி மூன்று முறை. அந்த நேரத்தில்தான் அத்தையிடம் அவர் சொன்ன சில விஷயங்களைக் குறித்துக்கொண்டேன். உங்களுக்கும் உதவும்.

வெள்ளைப் புள்ளி தெரிகிற கேசட்டை, யாரிடமாவது டெக் கிடைத்தது என்று போட்டுப் பார்க்காதீர்கள். படத்தோடு டெக்கும் போகும். நல்லதாக இருக்கிற கேசட்டைப் புத்தகம் மாதிரி நிற்க வைக்க வேண்டும். தரையில், அடித்தட்டில் வைக்கக் கூடாது. பிளாஸ்டிக் காது உடையாமல் இருந்தால் முதல் வேலையாக உடைத்துவிட வேண்டும் (இந்த இடத்தில் அத்தை என்னைப் பார்த்தார்). 2000-க்குப் பிறகு எடுத்த மினி டி.வி. கேசட் இருந்தால் அதற்கும் அவசரம்தான். அதில் இருப்பது டிஜிட்டல் பதிவு. ஆனால் அதை அப்படியே இறக்க ஃபயர்வயர் என்ற இணைப்பு வேண்டும். இப்போது விற்கும் லேப்டாப்புகளில் அது இல்லை. அந்தக் கேமராக்களும் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்கின்றன. மாற்றிய பிறகு ஒரே பென் டிரைவில் போட்டு நிம்மதியாகிவிடாதீர்கள், இரண்டு இடத்தில் வையுங்கள், பழைய கேசட்டையும் தூக்கிப் போடாதீர்கள் என்றார்.

ஓடுகிற இரண்டில் பழையதைத்தான் எடுத்தார். புது டெக்குகள் சிக்னல் கெட்டால் திரையை நீலமாக்கிச் சத்தத்தையும் அடைத்துவிடும். பழையவை புள்ளி புள்ளியாக இருந்தாலும் இருப்பதைக் காட்டும். டிரம்மை விரலால் மெல்லச் சுற்றிக்கொண்டே, ஸ்பிரிட்டில் நனைத்த மான்தோல் துண்டை அசையாமல் பிடித்து ஹெட்டைத் துடைத்தார். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் உடைந்துவிடுமாம். பஞ்சு சுற்றிய குச்சி கூடவே கூடாது.

பட்டனை அழுத்தினார். முதலில் மழை. பிறகு பிள்ளையார். பிறகு, நான் பயந்தது போலவே, பாட்டு. மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் முழுக்கச் சினிமாப் பாட்டு. திரையின் கீழே வெள்ளைக் கோடுகள் துடித்தன. மாமா மீசையோடு வந்தார். அத்தை சிரிக்கவில்லை, திரையை விட்டுக் கண்ணையும் எடுக்கவில்லை. நாற்பது நிமிடத்துக்கு அப்புறம் மேடையில் நாகஸ்வரம். நல்லவேளை, அந்த இடத்தில் பாட்டுப் போடாமல் நிஜச் சத்தத்தையே விட்டிருந்தார்கள். அதற்கப்புறம் ஸ்டூடியோக்காரருக்கே அலுத்துவிட்டதோ என்னவோ, பந்தி முழுக்கப் பாட்டே இல்லை. இலை போடும் சத்தம், குழந்தை அழும் சத்தம், தூரத்தில் சுருதிப் பெட்டி.

படம் அங்கேதான் மோசமாக இருந்தது. உருண்டது, கிழிந்தது, நின்றது. ஒரு வெள்ளை வேட்டி, ஒரு தோள், ஒரு கை. அந்தக் கை கேமராவைத் தள்ளுவதுபோல் அசைந்தது. குரல் மட்டும் தெளிவாக வந்தது.

“என்னைய என்னாத்துக்குப்பா எடுக்குற? பொண்ணு மாப்பிள்ளைய எடு. சாப்பிட்டியா நீ? லைட்டு புடிக்கிற பையனையும் கூட்டிக்கிட்டுப் போயி மொத பந்தியிலயே ஒக்காரு. போ.”

14 நொடி. அவ்வளவுதான் தாத்தா.

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை புருவத்தைச் சுருக்கிக்கொண்டிருந்தார். “இது அப்பா பேச்சுதான். குரல் இல்ல.”

“அத்தை...”

“இவ்ளோ மெல்லிசா இருக்காது பாப்பா. மறந்துபோச்சுன்னுதான் சொன்னேன். ஆனா இது இல்ல.”

வேறு யாராவது இருந்தால், வயசானவங்க அப்படித்தான் சொல்வாங்க என்று விட்டிருப்பார்கள். நானே அப்படித்தான் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். மெக்கானிக் கையைக் காட்டி நிறுத்தினார். கேசட்டைப் பின்னால் ஓட்டி நாகஸ்வரம் வாசிக்கும் இடத்தைப் போட்டார். கண்ணை மூடிக் கேட்டார். மறுபடி பந்திக்கு வந்தார். மறுபடி நாகஸ்வரம். ராத்திரி பகல் கோயில் நாகஸ்வரம் காதில் விழுகிற ஊரில் அறுபது வருடம் இருந்தவர்.

“அம்மா சொல்றது சரி” என்றார். “சுருதி ஏறியிருக்கு.”

அன்று சாயங்காலம் முழுக்க ஒரே சுருதிப் பெட்டி, ஒரே சுருதி. நாடா நன்றாக இருக்கும் மேடைக் காட்சியில் அது ஓர் இடத்தில் நிற்கிறது. கீழ் ஓரம் நனைந்த பந்திக் காட்சியில், வேகம் சொல்ல வேண்டிய துடிப்பு அழிந்துபோனதால், டெக் தன் இஷ்டத்துக்குக் கொஞ்சம் வேகமாக ஓடுகிறது. சுருதியும் ஏறிவிட்டது. தாத்தாவின் குரலும் ஏறிவிட்டது.

இதற்கப்புறம் என் வேலை. இருப்பதை அப்படியே லேப்டாப்பில் இறக்கினோம். எடிட்டிங் சாஃப்ட்வேரில் அந்த 14 நொடியை வெட்டி எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் குறைத்தேன். இரண்டு சதவிகிதம். “இன்னும்.” மூன்று. “இன்னும் கொஞ்சம்.” அவர் ஒரு காதில் மேடைச் சுருதியையும் மறு காதில் இதையும் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஐந்து சதவிகிதத்தில் தலையை ஆட்டினார். ஏறக்குறைய அரைச் சுரம் இறங்கியிருந்தது.

ஹெட்போனை அத்தையின் காதில் வைத்தேன்.

கேட்டு முடித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் ஆள்காட்டி விரலால் ‘இன்னொரு தரம்’ என்று காட்டினார். பிறகு இன்னொரு தரம். ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ முடிந்ததும் சொன்னார். “அப்பாவுக்கு அன்னிக்கு ஜலதோஷம். சமையக்கட்டுப் பக்கம் போனா தும்முறார்னு அம்மா திட்டிக்கிட்டே இருந்தாங்க. நான் எப்படி அதை மறந்தேன்?”

எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கேட்டதற்கு, கேசட் மாற்ற எல்லோரிடமும் வாங்குகிற 400 ரூபாயோடு ஓட்டுக்கு ஐம்பது சேர்த்து வாங்கிக்கொண்டார். மூன்று நாள் வேலைக்கு 450 ரூபாய். கூடக் கொடுக்கப் போனபோது கோபித்துக்கொண்டார்.

பஸ்ஸில் வரும்போதே அந்த 14 நொடியைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். அப்பா ஆபீஸிலிருந்து போன் செய்து பேசாமல் வைத்துவிட்டார். சித்தப்பா, பெரியம்மா, பெயரே தெரியாத யார் யாரோ அழுகிற பொம்மை போட்டார்கள். தாத்தா என்னை மாதிரியே பேசுகிறார் என்று தம்பி எழுதினான். மாமா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

ராத்திரி பதினோரு மணிக்கு எனக்குத் தனியாக போன் வந்தது. மாமா.

“பாப்பா, ஒண்ணு கேக்கணும். அந்த பார்ட் 2 எங்கிட்டதான் இருக்கு. என் ரூம்ல, மேல் ஷெல்ஃப்ல. மேட்ச்சை நான் முதல்லேருந்து எடுக்கல. பாகிஸ்தான் பேட்டிங் பாதியிலதான் ஆரம்பிச்சேன். மேட்ச் முடிஞ்சதும் நிறுத்தியிருந்தேன்னா, அதுக்கு அப்புறம் பழசு அப்படியே இருக்கும்ல?”

இத்தனை வருடத்தில் எங்களில் யாருக்கும் இது தோன்றவில்லை. கிரிக்கெட் வந்ததும் ‘அழிஞ்சுபோச்சு’ என்று நிறுத்திவிட்டிருக்கிறார்கள். மேட்ச் முடிகிறவரை பொறுமையாக ஓட விட்டுப் பார்த்தவர் யாரும் இல்லை. பிறகு டெக்கும் செத்துவிட்டது.

காலையில் சிதம்பரத்துக்குப் போன் செய்தேன். “இருக்கலாம்” என்றார் மெக்கானிக். “மேட்ச் முடிஞ்சதும் நிறுத்தினாரா, இல்ல டெக்கை ஓட விட்டுட்டுத் தெருவுல வெடி வெடிக்கப் போயிட்டாரா, அதை மட்டும் கேட்டுட்டு வாங்க.”

மாமாவுக்கு அது ஞாபகம் இல்லை. அன்று வெடி வெடித்தது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறதாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் போகிறோம். அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை.